மாடியறைக் கார்

நான்காவது தெருவின் கடைசி வீட்டு மாடியறையில் ஒரு பெரிய கார் நிற்கிறது. அறைக் கதவின் அகலம் இரண்டே முக்கால் அடி, சன்னல் அதைவிடச் சிறியது. கார் கதவு வழியாக முழுசாகப் போகவில்லை, சன்னல் வழியாகவும் போகவில்லை. நான்கு வருடங்களில், நூற்றுக்கு மேற்பட்ட சாக்குப் பைகளில், கொஞ்சம் கொஞ்சமாக மாடிப்படி ஏறிப் போனது. பைகளின் எண்ணிக்கையை வீட்டில் இருவரிடம் கேட்டால் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். குறைவான எண்ணை எடுத்துக்கொண்டால் நூற்றி முப்பத்தாறு.

வீட்டுக்காரர் ஒரு டிரைவர். பெயிண்ட் கம்பெனி முதலாளி ஒருவரிடம் பதினாறு வருடம் கார் ஓட்டியவர். முதலாளி புதுக் கார் வாங்கியபோது பழையதை இவருக்கே குறைந்த விலையில் கொடுத்தார். பதினோரு வயதான கார், ஆனால் தோல் இருக்கை, மர வேலைப்பாடு, கதவை மெல்லத் தொட்டால் தானே இழுத்து மூடிக்கொள்ளும் வசதி எல்லாம் இருந்தது. சொந்தமாக வாடகைக்கு ஓட்டினால் இரண்டு வருடத்தில் போட்ட பணம் திரும்பும் என்று டிரைவர் கணக்குப் போட்டார். அவருடைய மனைவி தையல்காரி. சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே இருந்த நடையில் மெஷின் போட்டு ஒன்பது வருடமாகத் தைத்து வந்தார். குளிக்கப் போகிறவர்கள் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். மாடியறையைக் காலிசெய்து, வெட்டும் மேசை ஒன்று போட்டுத் தருவதாகக் கல்யாணமான வருடமே டிரைவர் சொல்லியிருந்தார். மேசைக்கான பணத்தில் கார் வந்தது. அன்று தையல்காரி சண்டை போடவில்லை. "எனக்கு ரூம் கிடைக்கிற வரைக்கும் நான் அதுல ஏற மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பாதியில் விட்ட காலரைத் தைக்கப் போய்விட்டார்.

வாங்கிய மூன்றாவது வாரம் காலையில் பார்த்தபோது கார் முன்பக்கம் இடது புறமாகத் தரையில் படுத்திருந்தது. காற்றடைத்த ஸ்பிரிங்கில் ஓட்டை. இந்த ரகக் கார்களில் பத்து வயதுக்கு மேல் இது சகஜம் என்று மெக்கானிக் சொன்னார். ஒன்று போனால் ஜோடியையும் மாற்ற வேண்டும், ஓட்டையோடு ஓட்டியதில் காற்றடிக்கும் கம்ப்ரசர் ஓயாமல் ஓடி எரிந்திருக்கும், அதையும் மாற்ற வேண்டும் என்றார். தையல்காரிக்குத் தொகை சொன்னால் மனதில் பதியாது. பள்ளிச் சட்டை ஒன்று தைக்கும் கூலியை அளவாக வைத்துத்தான் அவர் உலகத்தை எடைபோடுவார். ஸ்பிரிங் ஒன்று நூற்றிப் பத்து சட்டை, கம்ப்ரசர் நூற்றி நாற்பது. அடுத்த மாதமே பின்பக்க ஸ்பிரிங் ஜோடியும் போனது. அடுத்து, சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் சூடேறியது. தண்ணீர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் தொண்ணூற்றைந்து சட்டை. வால்வு மூடியில் எண்ணெய்க் கசிவு. கேஸ்கெட் எட்டுச் சட்டைதான், ஆனால் அதை எட்டிப் பிடிக்கப் பாதி இன்ஜினை இறக்கும் கூலி ஐம்பத்திரண்டு. காலையில் ஸ்டார்ட் செய்தால் சில்லறையைத் தகர டப்பாவில் குலுக்கியதுபோல் சத்தம் வந்தது. டைமிங் செயின் நானூற்றி முப்பது. கியர்பாக்ஸின் மூளை ஒரு நாள் மூன்றாவது கியரிலேயே பிடிவாதமாக நின்றுகொண்டது. அது ஐந்நூற்றி இருபது. காரை வாங்கிய விலை எண்ணூறு சட்டைதான் என்பதைத் தையல்காரி ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்ட அவருக்கு ஒரு தம்பி இருந்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரும்போதெல்லாம், "மச்சான், நீங்க கார் வாங்கினீங்களா, இல்ல மெக்கானிக்கைத் தத்து எடுத்தீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவான்.

இவை எல்லாம் சரியாயின. ஒன்று மட்டும் சரியாகவில்லை. கார் இடது பக்கம் திரும்பும்போது எங்கிருந்தோ 'டொக்' என்று ஒரு சத்தம் வந்தது. வலது பக்கம் திரும்பினால் வராது. பின்னால் உட்கார்ந்திருப்பவர் ஒரு திருப்பத்தில் திடுக்கிட்டு, இரண்டாவது திருப்பத்தில் சீட்டைப் பிடித்துக்கொண்டு, மூன்றாவதில் இறங்கிக்கொள்வார். இவ்வளவு பெரிய காரில் இப்படி ஒரு சத்தம் வந்தால் என்னவோ கழன்று விழப்போகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். சத்தத்தைப் பிடிக்க மெக்கானிக் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கைகளை மாற்றினார், லிங்க் ராடுகளை மாற்றினார், இன்ஜின் தாங்கிகளை, அப்புறம் இன்ஜினையே, ஸ்டீயரிங் பெட்டியை, நான்கு கதவுகளை, டேஷ்போர்டை மாற்றினார். சீட்டுக்கு அடியில் இருக்கும் மோட்டாராக இருக்கலாம் என்று சீட்டுகளை மாற்றினார். கடைசியில் பாடியிலேயே விரிசல் இருக்கிறது என்று முடிவுகட்டி, வெள்ளத்தில் மூழ்கிய அதே ரகக் காரின் கூட்டைப் பழைய சாமான் சந்தையில் பிடித்து, எல்லாவற்றையும் அதற்குள் மாற்றிக் கட்டினார். வெளியே எடுத்து இடது பக்கம் திரும்பினார்கள். டொக்.

மெக்கானிக்குக் கடைத்தெருவில் 'நேர்மை' என்று பெயர். அவருடைய அம்மா அப்பா வைத்த பெயர் அவருக்கே உடனே ஞாபகம் வராது. தொழில் தொடங்கிய புதிதில், மாற்றாமலே மாற்றியதாகக் காசு வாங்கினார் என்று ஒரு வாடிக்கையாளர் நடுத்தெருவில் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து, கழற்றிய பழைய சாமான் எதுவானாலும், ஒரு வாஷராக இருந்தாலும், அதன்மேல் தேதியும் பெயரும் எழுதி, நியூஸ்பேப்பரில் சுற்றி, சாக்கில் போட்டு, வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடுவார். டிரைவர் சாக்கை மாடியறையில் கொண்டுபோய் வைப்பார். எதற்காவது ஆகும் என்பார். அறுத்துப் பதினொரு துண்டாகக் கொடுக்கப்பட்ட பழைய கூட்டை இரண்டு சுமைதூக்கிகள் மூன்று நாளாக மேலே ஏற்றினார்கள். தையல்காரி ஒருமுறை எரிந்த கம்ப்ரசரைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார். மறுநாள் காலையில் அது மாடியறையில் தன் இடத்தில் இருந்தது. அவர் போய் இரும்புக்காரரிடம் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அதோடு அந்த வழியும் அடைபட்டது.

இரண்டாவது வருடத்தில் ஒரு நாள் தையல்காரி கூட்டப் போனபோது, நான்கு ஸ்பிரிங்குகளும் நான்கு மூலையில் நேராக நின்றுகொண்டிருந்தன. அவற்றின் நடுவே இன்ஜின் தாங்கிகள். தன்னை வெறுப்பேற்றக் கணவர் அடுக்கி வைத்திருக்கிறார் என்று அவர் நினைத்தார். அடுத்த வாரம் டிரைவர் சாக்கோடு போனபோது கியர்பாக்ஸ் மூளையும் டைமிங் செயினும் தத்தம் உயரத்தில் அந்தரத்தில் இருந்தன. தன்னைக் குத்திக்காட்ட மனைவி கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார் என்று இவர் நினைத்தார். கயிறு இருக்கிறதா என்று பார்க்க ரோஷம் இடம் கொடுக்கவில்லை. கார் விஷயத்தை மட்டும் பேசுவதில்லை என்பது வீட்டின் எழுதாத சட்டம். ஆகவே ஒரு கார் தன்னைத் தானே கட்டிக்கொண்டிருந்ததை இருவரும் பார்த்துக்கொண்டே, ஒன்றரை வருடம் அடுத்தவரின் குசும்பு என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டின் கடைசித் துண்டு மேலே போன மறுநாள், காலை ஆறே காலுக்கு, மாடியில் இன்ஜின் ஓடும் சத்தம் கேட்டது. சத்தம் என்று சொல்வதுகூட மிகை. பூனை தூங்கும்போது வருமே, அந்த அளவு. இருவரும் மேலே ஓடினார்கள். கார் முழுசாக நின்றது. அறுத்த இடங்களில் தழும்புகூட இல்லை. டாங்கில் ஒரு சொட்டுப் பெட்ரோல் கிடையாது, முள் முக்கால் டாங்க் காட்டியது. அதற்குப் பிறகு அது நகரவே இல்லை. சக்கரங்கள் இல்லாமல் சக்கரம் இருக்க வேண்டிய உயரத்தில் நின்றது, ஏனென்றால் டயர்களை மட்டும் டிரைவர் பழைய டயர்க் கடையில் கழித்துக்கொண்டிருந்தார். அவற்றைக் கொடுத்தே புது டயர் வாங்கியிருந்தபடியால் அவை கணக்கில் வரவில்லை போலும்.

"நீ அடுக்கலையா?" என்று டிரைவர் கேட்டார்.

"நீங்க அடுக்கலையா?" என்றார் தையல்காரி.

கொத்தனாரை அழைத்துத் தளம் தாங்குமா என்று கேட்டார்கள். அவர் சுத்தியால் நாலு இடம் தட்டிப் பார்த்தார். "தாங்கும். தாங்காதுன்னா இந்நேரம் கீழ இருந்திருக்கும்" என்று சொல்லி, தட்டியதற்குக் கூலி வாங்கிக்கொண்டு போனார்.

சரியாக அந்த மாதத்தில்தான் பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை தையல்காரியைக் கூப்பிட்டு அனுப்பினார். நாற்பது நாளில் அறுநூற்றி நாற்பது பிள்ளைகளுக்குச் சீருடை. முதல் வருடம் நாள் தவறாமல் கொடுத்தால் அடுத்த மூன்று வருடமும் அவருக்கே. ஒரு நாள் பிந்தினாலும் பஸ் ஸ்டாண்டில் ஆறு மெஷின் வைத்திருக்கும் கடைக்குப் போய்விடும். நடையில் உட்கார்ந்து இவ்வளவையும் வெட்டித் தைப்பது நடக்கிற காரியம் இல்லை. பதின்மூன்று வருடத்தில் முதல்முறையாகக் கதவைத் தட்டி வந்த ஆர்டர், வைக்க இடமில்லாமல் வாசலோடு போகப் பார்த்தது. ரூம் கேட்டால் ரூமில் கார். தையல்காரி மாடிக்குப் போய், கையில் இருந்த துணிச் சுருளை எரிச்சலோடு பானட் மேல் போட்டார். சுருள் உருண்டு சமமாக விரிந்தது. இரும்பு இளஞ்சூடாக இருந்ததால் சுருக்கம் தானாகவே நீங்கியது. அவர் குனிய வேண்டியிருந்ததைக் கவனித்ததுபோல, கார் புஸ்ஸென்று மூச்சுவிட்டு அவருடைய இடுப்பு உயரத்துக்கு எழுந்து நின்றது.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் எதையும் மிகைப்படுத்த வேண்டிய அவசியம் இல்லை. கத்தரி கோட்டை நெருங்கினால் பார்க்கிங் சென்சார் 'பீப் பீப்' என்றது; விலகினால் நின்றது. ஒரு அங்குலம்கூடத் துணி வீணாகவில்லை. வழி சொல்லும் பெண்குரல், "ஐம்பது மீட்டரில் இடது பக்கம் திரும்பவும்" என்று சொல்லும்; ஐம்பது நூலிழை தள்ளித் திரும்பினால் காலர் அச்சில் வார்த்தது போல வரும். சூடேறும் சீட்டில் பாவாடையை மடிப்பு மடிப்பாக விரித்து, அதன்மேல் மூன்று நிமிடம் உட்கார்ந்தால் இஸ்திரி முடிந்தது. நூல் பிசிறுகளை வைப்பர் கூட்டித் தள்ளியது. காலையில் பானட்டை மூடி வெட்டுவார், மத்தியானம் பானட்டைத் திறந்து, இன்ஜின் பெல்ட்டோடு மெஷின் பெல்ட்டை மாட்டித் தைப்பார். முதல் நாள் சட்டை எட்டு. ஐந்தாம் நாள் இருபத்திரண்டு. ஒரு சாயங்காலம் ஓடோமீட்டரில் முப்பத்தொன்பது கிலோமீட்டர் கூடியிருந்தது. அன்று கால் வலித்ததற்குக் காரணம் அதுதான் என்று புரிந்தது. தம்பி வந்து காரை இரண்டு முறை சுற்றிப் பார்த்தான். பிறகு, "அக்கா, டிக்கில கொஞ்சம் எடம் இருக்குமா, என் சைக்கிளைப் போட்டுக்கறேன்" என்றான். டிக்கியில் தைத்து முடித்த கட்டுகள் இருந்ததால் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை.

இருபத்தொன்பதாம் நாள் மெஷின் பெல்ட் அறுந்தது. நேர்மையைக் கூப்பிட்டார்கள். அவர் செருப்பை வாசலில் விட்டு மேலே வந்தார், ஒவ்வொரு பாகத்திலும் தன் கையெழுத்தில் தேதி இருப்பதைப் பார்த்தார், பெல்ட்டை மாட்டினார். பிறகு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஸ்டீயரிங்கை இடது பக்கம் முழுசாகத் திருப்பினார். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி திருப்பினார். அவர் முகம் போன போக்கைப் பார்த்துத் தையல்காரி மோர் கொண்டுவந்து கொடுத்தார். நான்கு வருடமாகத் தான் கழற்றிப் போட்டவற்றைச் சேர்த்தால் ஒரு குறையும் இல்லாத கார் என்பதை ஒரு மனிதன் ஒரே மடக்கில் விழுங்குவது கஷ்டம். ஆனால் அவர் பெயருக்கேற்ற மனிதர். ஒரு மணி நேரம் காரை விரல் விரலாகத் தடவி வந்து, பானட்டின் இடது ஓரத்துக்குக் கீழே கட்டைவிரல் அளவில் ஒரு காலித் துளை இருப்பதைக் கண்டுபிடித்தார். டயர்களை விட்டால், மேலே இருக்கும் காரில் இல்லாதது அது ஒன்றுதான். கீழே ஓடிப்போய், வாசலில் நின்ற காரின் பானட்டைத் தூக்கினார். அதே இடத்தில், கல்லாக இறுகிப்போன ஒரு கறுப்பு ரப்பர் குமிழ். பானட் வந்து உட்கார்வதற்கான மெத்தை. கூடு மாற்றியபோதுகூட அந்தச் சின்னச் சாமானைப் பழையதிலிருந்தே எடுத்துச் செருகியிருந்தார். பானட்டை இறக்கி, இடுக்கில் கட்டைவிரலை விட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டு, டிரைவரை இடது பக்கம் திருப்பச் சொன்னார். சத்தம் வரவில்லை. விரலை எடுத்தார். டொக்.

"அண்ணே, மாட்டிக்கிச்சு. இத்துனூண்டு."

"புதுசு எவ்வளவு?"

"அரைச் சட்டைகூட வராது. கையிலயே ஒண்ணு இருக்கு, அஞ்சு நிமிஷ வேலை." நேர்மைக்கும் இப்போது சட்டைக் கணக்குதான் வாயில் வந்தது.

டிரைவருக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய ஓட்டல் ஒன்று விருந்தினர்களை ஏற்றி இறக்க மாத வாடகைக்குக் கார் தேடிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை அதன் மேனேஜர் வந்து உட்கார்ந்து பார்ப்பதாக இருந்தது. நேர்மை பானட்டை மறுபடி தூக்கி, ரப்பரைப் பிடுங்க இடுக்கியை வைத்தார். அப்போது மாடிப்படியில் நின்ற தையல்காரி கேட்டார்: "அதைக் கழட்டினா எங்க போகும்?"

"உங்க கையில குடுத்துருவேன்க்கா. அதானே வழக்கம்."

"என் கையில குடுத்தா?"

மூன்று பேரும் மேலே பார்த்தார்கள். மாடியில் இன்ஜின் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குமிழ் போய்த் தன் துளையில் உட்கார்ந்தால், பானட் ஒவ்வொரு இடது வெட்டுக்கும் துள்ளும். துள்ளுகிற மேசையில் காலர் வெட்ட முடியாது. இன்னும் நூற்றுத் தொண்ணூறு செட் பாக்கி.

"நீங்களே வெச்சுக்குங்களேன்" என்றார் தையல்காரி.

"இருபத்திரண்டு வருஷத்துல ஒரு வாஷர் நான் வெச்சுக்கிட்டது கிடையாதுக்கா. சரி, உங்களுக்காக வெச்சுக்கறேன்னே வைங்க. அது நிக்குமா? அந்தக் கம்ப்ரசர் நின்னுச்சா?"

"ஒரு பத்து நாள் பொறுத்து மாத்தினா?" என்றார் டிரைவர்.

"ஓட்டல்காரர் நாளைக்குல்ல வர்றார். அதுவும் போக, பத்து நாள் கழிச்சு எனக்கு வேற ரூம் வந்துருமா?" அவர் கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் டிரைவருக்குக் கஷ்டமாக இருந்தது. தையல்காரி உள்ளே போய்விட்டார்.

டிரைவர் துணியை எடுத்துக் காரின் முன்கண்ணாடியைத் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடியை இன்னொரு முறை துடைத்தார். சத்தத்தைத் தேடியதற்கு மட்டும் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு சட்டை, நான்கு வருடம், எல்லாம் அந்தக் கறுப்புக் குமிழுக்காகத்தான். அரைச் சட்டையில் தீர்ந்துவிடும். இடுக்கியோடு காத்திருந்த நேர்மை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினார்.

"மூடுங்க" என்றார் டிரைவர்.

"அண்ணே, ஓட்டல்..."

"பானட்டை மூடுங்கன்னேன்."

மறுநாள் காலை ஓட்டல் மேனேஜரை ஏற்றிக்கொண்டு டிரைவர் கிளம்பினார். ஓட்டலிலிருந்து ரயில் நிலையம் கூப்பிடு தூரம், நடுவே இரண்டு இடது திருப்பங்கள். டிரைவர் வலது பக்கம் திரும்பினார். மறுபடி வலது. மறுபடி வலது. மூன்று தரம் வலது பக்கம் போனால் ஒரு இடது கிடைத்துவிடும் என்பதை அவர் விடியும்வரை காகிதத்தில் வரைந்து பார்த்திருந்தார். ஆற்றங்கரை, பழைய கோட்டை, பூச்சந்தை, மறுபடி ஆற்றங்கரை என்று முப்பத்தைந்து நிமிடம் கழித்து ரயில் நிலையம் வந்தது. கார் ஒரு முனகல்கூட இல்லாமல் மிதந்து வந்திருந்தது. மேனேஜர் இறங்கி, கதவு தானாக மூடிக்கொள்வதைப் பார்த்தார். "இந்த ஊர்ல பதினெட்டு வருஷமா இருக்கேன், இவ்வளவு அழகா இருக்கும்னு தெரியாதுங்க" என்றார். விருந்தினர்களுக்கு ஊரையும் சேர்த்தே காட்டலாம் என்று வாடகையை மேலும் கொஞ்சம் கூட்டி எழுதினார்.

நாற்பதாம் நாள் மத்தியானம் இரண்டரைக்குக் கடைசிப் பொத்தான் தைத்தாயிற்று. பள்ளி அலுவலகம் நான்கு மணிக்கு மூடும். கட்டுகளைக் கீழே இறக்கிக் காரில் ஏற்றவே முக்கால் மணி நேரம் பிடித்தது. மிஞ்சிய ஒரு கட்டை மடியில் வைத்துக்கொண்டு தையல்காரி முன்சீட்டில் ஏறினார். நான்கு வருடத்தில் அந்தக் காரில் ஏறுவது அதுதான் முதல்முறை. அவருக்கு ரூம் கிடைத்துவிட்டிருந்ததால் சொன்ன சொல்லும் தவறவில்லை. பள்ளிக்கூடம் நடந்து போனால் ஏழு நிமிடம். தெருமுனையில் ஒரே ஒரு இடது திருப்பம். டிரைவர் பழக்கதோஷத்தில் வலது பக்கம் இண்டிகேட்டர் போட்டார்.

"எங்கங்க போறீங்க?"

"இப்படியே சுத்தி, பூச்சந்தை வழியா..."

"மணி என்ன ஆகுது? இடது பக்கம் திருப்புங்க."

"சத்தம் வரும்."

"வரட்டும். நானும் அதைக் கேட்டதே இல்ல."

அவர் திருப்பினார். டொக். தையல்காரி காதைச் சாய்த்துக் கொஞ்சநேரம் காத்திருந்தார், இன்னும் ஏதாவது வரும் என்பதுபோல.

"இதுதானா?"

"இதான்."

"இதுக்கா நாலாயிரம் சட்டை?" என்று கேட்டுவிட்டு அவர் சிரிக்க ஆரம்பித்தார். மடியில் இருந்த கட்டு குலுங்கியது, டிரைவருக்கும் தொற்றிக்கொண்டது, பள்ளி வாசலைத் தாண்டிப் போய்விட்டார்கள். திரும்பி வர இன்னும் இரண்டு இடது திருப்பம் எடுக்க வேண்டியிருந்தது. டொக் என்றது, சிரித்தார்கள். மறுபடி டொக் என்றது, காவலாளி கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார். தலைமையாசிரியை எண்ணி வாங்கும்போது மணி மூன்று ஐம்பத்திரண்டு. அறுநூற்றி நாற்பது, ஒன்றும் குறையவில்லை.

அதன் பிறகு மூன்று வருட ஆர்டரும் முடிந்து, இப்போது இரண்டு பள்ளிக்கூடங்கள் சேர்ந்திருக்கின்றன. ஓட்டல் விருந்தினர்கள் வலது பக்கமாகவே ஊரைச் சுற்றி, நேரத்தோடு கிளம்பினால் ரயிலைப் பிடிக்கிறார்கள். சென்ற மாதம் வீட்டு வரிக்காக அளக்க வந்த அலுவலர் மாடியறைக்கும் ஏறினார். டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளத் தையல்காரியிடம் கொடுத்து, காரின் கூரைக்கு மேலாகப் போட்டு நீளத்தையும் அகலத்தையும் அளந்தார். அறையின் உபயோகம் என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக் கொஞ்சம் யோசித்தார், பானட் மேல் பாதி வெட்டிய சட்டை கிடப்பதைப் பார்த்தார், 'தையல்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.